சந்தேகத்தைப் படம்பிடிப்பது: ஓர் இளம் கலைஞருக்குக் கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிப்காட் தொழிற்சாலையில் பகலும் இரவுமாக ஷிப்ட் மாறி மாறி வரும் வேலைக்கு நடுவே, கிடைத்த ஓய்வையெல்லாம் ஆங்கில இலக்கிய கர்த்தாக்களைப் பற்றிய ஆவணப்படங்களைப் பார்ப்பதிலும், அவர்களுடைய நாவல்களைத் தழுவிய திரைப்படங்களை மூலத்தோடு ஒப்பிட்டு நோக்குவதிலும் செலவிட்டு வந்த நீ, இப்போது அத்தகைய படம் ஒன்றை நீயே எடுக்க உத்தேசித்திருப்பதை அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். ஓசூரில் இருந்துகொண்டு இங்கிலாந்தின் இலக்கியத்தைப் பற்றிப் படமெடுக்க உனக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்டதாகவும், அந்தக் கேள்வி உன் மனத்தில் தைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். ஒரு நூலைச் சிரத்தையோடு வாசித்தவர் எவரோ, அவருக்கு அந்த நூலைப் பற்றிப் பேசும் யோக்கியதை உண்டு. அதற்குமேல் வேறு அநுமதிச்சீட்டு இலக்கிய உலகத்தில் எக்காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே அந்தத் தயக்கத்தை விட்டுவிடு. நீ கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறொன்று. அதைக் குறித்தே இந்தக் கடிதம்.

அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி, பெங்களூரையும் கடந்து மேற்கே சென்றால், ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், சாவனதுர்காவும் ராமநகரத்து ராமதேவர பெட்டாவும் நிற்கின்றன. 'ஷோலே' படத்தின் பாறைகள் என்று ராமநகரத்தை எல்லோரும் அறிவார்கள். ஆனால், ஈ. எம். பார்ஸ்டர் 1924-ல் வெளியிட்ட 'எ பாஸேஜ் டு இந்தியா' என்னும் நாவலை டேவிட் லீன் 1984-ல் திரைப்படமாக்கியபோது, அந்த நாவலின் இருதயஸ்தானமாகிய மராபர் குகைகளாகத் திரையில் தோன்றியவையும் இந்தக் குன்றுகளே என்பதைப் பலர் அறியார். பார்ஸ்டரின் கற்பனைக்கு ஆதாரமாக இருந்தவை, பீகாரில் கயைக்கு அருகே, மௌரியர் காலத்தில் ஆஜீவகத் துறவிகளுக்காகக் குடையப்பட்ட பராபர் குகைகள். அவற்றை நேரில் சென்று கண்ட லீன், தாம் வேண்டிய கம்பீரம் அங்கே இல்லையென்று கருதி, நம் பக்கத்துக் கருங்கல் மலைகளைத் தேர்ந்தெடுத்தார். இங்கே அவர் வேண்டிய குகைகள் இல்லாமையால், படத்துக்கென்றே பாறையில் வாயில்களைக் குடைந்தார்கள். இல்லாத ஒரு குகைக்குக் கல்லிலே வாயில் செய்த அந்தக் காரியத்தைப் பற்றி நீ நெடுநேரம் சிந்திக்க வேண்டும். ஏனெனில் இலக்கியத்தைப் படமாக்குவதில் உள்ள சங்கடம் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.

அந்த நாவலில் அடேலா என்னும் ஆங்கில யுவதி ஒரு குகைக்குள் போகிறாள். சிறிது நேரத்தில் அலங்கோலமாய் மலையிலிருந்து இறங்கி ஓடுகிறாள். தன்னை அழைத்துச் சென்ற டாக்டர் அஜீஸின்மீது குற்றம் சுமத்துகிறாள். பின்னர் நீதிமன்றத்தில் அதைத் தானே திரும்பப் பெறுகிறாள். அஜீஸ் வேறொரு குகைக்குள் இருந்தான் என்பது வாசகருக்குத் தெரியும். அடேலா இருந்த குகைக்குள் நிகழ்ந்தது யாதென்பதைப் பார்ஸ்டர் சொல்லவேயில்லை. இது அவருடைய ஞாபகப் பிசகால் நேர்ந்ததன்று. அவருடைய கைப்பிரதிகளில், குகைக்குள் அவள் தாக்கப்படுவதாகவே ஒரு காட்சி எழுதப்பட்டிருந்தது. அதை எழுதிப் பார்த்த பின், வேண்டாமென்று நீக்கினார். ஒரு பெரிய ஆசிரியன் தான் எழுதியதை நீக்கி, அந்த இடத்தில் ஒரு சந்தேகத்தை வைத்தானென்றால், அந்தச் சந்தேகமே அவன் வாசகனுக்குக் கொடுத்த செல்வம் என்று கொள்ள வேண்டும்.

காமிராவோ பிறவியிலேயே ஒரு சாட்சி. அது எதைக் காட்டுகிறதோ அது நடந்ததாகவே ஆகிவிடுகிறது. குகை வாயிலில் அஜீஸின் உருவம் நிற்பதையும், உள்ளே இருளில் அடேலா கலங்குவதையும் லீனின் படத்தில் காண்கிறோம். அதற்கு முன்னரே, அவள் தனியாகச் சைக்கிளில் சென்று, பாழடைந்த கோயில் ஒன்றில் காமச் சிற்பங்களைக் கண்டு கலங்கி, குரங்குகள் விரட்ட ஓடிவருவதாக, நாவலில் இல்லாத ஒரு காட்சியையும் அவர் சேர்த்திருக்கிறார். மிக்க திறமையுடன் எடுக்கப்பட்ட காட்சிதான். ஆயினும் அதைக் கண்ட பிறகு, குகைக்குள் நடந்ததற்கு ரசிகர் மனத்தில் ஒரு விளக்கம் தயாராகிவிடுகிறது. நாவலின் இறுதியில் அஜீஸும் அவனுடைய ஆங்கில நண்பனும் சேர முடியாமல் பிரிய, படமோ சமரசத்தில் முடிகிறது. நடிகை பெக்கி ஆஷ்கிராப்டுக்கும் இசையமைப்பாளர் மாரிஸ் ஜாருக்கும் ஆஸ்கர் பரிசு பெற்றுத் தந்த இந்தச் சிறந்த படம், கேள்வியாக நின்ற நூலை ஒரு விடையாக மாற்றிவிட்டது என்பதே என் அபிப்பிராயம்.

ஆகவே நீ உன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: இந்த நூலில் பிரத்தியட்சமாகக் காட்டத் தக்கது எது, காட்டாமல் காக்கத் தக்கது எது? இதை நிதானித்து அறிவதே உன் தொழிலின் சாரம்.

காட்டத் தக்கதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜேன் ஆஸ்டின் 1811-ல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' என்ற நாவலை, ராஜீவ் மேனன் 2000-ல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' ஆக்கினார். தகப்பன் இறந்ததும் வீடும் நிலமும் கைவிட்டுப் போக, தாயும் பெண்களும் நிர்க்கதியாக வெளியேறும்படி செய்கிற சொத்துரிமையின் நிர்ப்பந்தத்தின்மீது அந்த ஆங்கிலக் கதை நிற்கிறது. ராஜீவ் மேனன் அந்த நிர்ப்பந்தத்தைச் செட்டிநாட்டு மாளிகையொன்றிலே, ஒரு முதியவரின் உயில் வாயிலாக நிறுவினார். கிழக்கிந்தியப் பகுதிகளில் சேவை செய்து திரும்பிய கர்னல் பிராண்டன், யுத்தத்தில் காலிழந்த இந்திய ராணுவ மேஜராக ஆனார். உடையும் மொழியும் நாடும் மாறியபோதிலும், மனிதர்களை நெருக்குகிற காரணம் மாறவில்லையாதலால், மூலத்தின் உயிர் நிலைத்தது. காரணங்களைத் தயங்காமல் காட்டு. அவை காமிராவின் சாட்சியத்துக்கு உரியவை.

ஆசிரியர்களைப் பற்றிய ஆவணப்படத்துக்கும் இதுவே விதி. உன் ஊருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி எழுதிய கதையை, 1974-ல் சிங்கீதம் சீனிவாச ராவ் 'திக்கற்ற பார்வதி' என்ற படமாக எடுத்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றார். குடியினாலும் கடனினாலும் ஒரு குடும்பம் சிதைவதைச் சொல்லும் அந்தக் கதையின் பின்னணியில், சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜி 1937 அக்டோபரில், அப்போது ஓசூரும் சேர்ந்திருந்த சேலம் ஜில்லாவிலேதான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார் என்ற சரித்திரம் இருக்கிறது. சட்டத்தையும் கதையையும் அருகருகே வைத்துக் காட்டுவது ஆவணப்படத்தால் ஆகக்கூடிய மேலான காரியம். ஆனால் பார்வதியின் துயரத்தைச் சட்டத்துக்கு ஓர் அத்தாட்சியாக மட்டும் சுருக்கிவிட்டால், ராஜாஜி என்ற ராஜதந்திரி கிடைப்பார். ராஜாஜி என்ற கதாசிரியர் நம்மை விட்டுப் போய்விடுவார்.

இன்னும் ஓர் எச்சரிக்கை. ஓசூரில் பிரெட் என்ற சேலம் கலெக்டர் 19-ம் நூற்றாண்டில் கட்டி, இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையின் பெயரைப் பெற்று, பிற்காலத்தில் இடிந்து சிதைந்த மாளிகையைப் பற்றி நீ ஆவலோடு எழுதியிருந்தாய். 1821-ல் வால்டர் ஸ்காட் எழுதிய 'கெனில்வொர்த்' நாவலோடு அதை இணைக்கும் ஆசை எவருக்கும் எழும். ஸ்காட்டோ, 1560-லேயே இறந்துபோன ஏமி ராப்ஸார்ட் என்ற பெண்ணை, 1575-ல் எலிஸபெத் ராணிக்குக் கெனில்வொர்த்தில் நடந்த விருந்து விழாவின் காலத்திலும் உயிரோடு இருப்பதாக எழுதியவர். நாவலாசிரியனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு, உனக்கு இல்லை. தொழிற்சாலையில் ஓர் உதிரிப்பாகத்தை அளந்து பார்க்காமல் நீ தேறியதாக முத்திரை குத்துவதில்லையே, அதுபோலவே அந்த மாளிகையைக் குறித்து ஊரில் வழங்கும் சுவையான கதைகளையும் அளந்து பார். ஆதாரம் கிட்டாததை, ஊரார் சொல்லும் கதை என்றே படத்தில் சொல்.

உன் முதல் படத்துக்கு நான் சொல்லும் பொருள் சாவனதுர்காவின் அந்தக் குடைந்த வாயில்களே. பார்ஸ்டரின் நாவலைக் கதைக்காக ஒருமுறையும், எந்த இடத்தில் ஆசிரியர் மௌனமாகிறார் என்பதற்காக மறுமுறையும் வாசி. படப்பிடிப்பு நடந்து நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டபடியால், அப்போது கூலிக்குப் பாறை குடைந்தவர்களும், கூட்டத்தில் நின்றவர்களும், வேடிக்கை பார்த்த சிறுவர்களும் முதுமையடைந்திருப்பார்கள். மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்து முதலில் அவர்களைத் தேடிப் போ. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் கலந்து புழங்கும் சந்தையில் வளர்ந்த உனக்கு, லண்டனிலிருந்து வருகிற எந்தப் படக்குழுவுக்கும் வாய்க்காத செவி வாய்த்திருக்கிறது. அவர்கள் பேச்சின்மேல் வேறொரு குரலை ஏற்றாதே. கீழே எழுத்தில் மொழிபெயர்த்துப் போடு. ஒருவர் நினைவும் மற்றொருவர் நினைவும் முரண்பட்டால், இரண்டையும் படத்தில் வை.

சட்டத்தையும் அறிந்துகொள். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்த பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிப்பதால், 1970-ல் காலமான பார்ஸ்டரின் எழுத்துக்கு 2030 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. லீனின் படத்துக்கு இன்னும் நெடுங்காலம் உண்டு. விமர்சனத்துக்கு வேண்டிய சிறு பகுதிக்குச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேற்பட்டதற்கு அநுமதி கேள். ஆஸ்டினும் ஸ்காட்டும் எல்லோருக்கும் பொதுச்சொத்து.

தங்கையே, உன் படத்தைப் பார்த்து முடித்தவர்கள் நூலைப் படித்தாகிவிட்டது என்று திருப்தியடைந்தால், நீ தோற்றாய். உடனே அந்த நூலைத் தேடிக்கொண்டு நூலகத்துக்குப் போனால், நீ ஜயித்தாய். அந்த ஜயத்தை உனக்கு வேண்டுகிறேன். முதல் வடிவம் தயாரானதும் எனக்கு அனுப்பு.

என்றும் அன்புடன்,
உன் அண்ணன்