காலத்தோடு பந்தயமிட்ட மங்கை



2013ஆம் ஆண்டில் நம் கொல்கத்தாவின் 174 சாலைகளில் மிதிவண்டி செல்லலாகாது என்று தடை விதிக்கப்பட்டது. 2015 முதல் இம்மாநில அரசு, 'சபூஜ் சாத்தி' என்னும் திட்டத்தின்கீழ், ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் மாணவ மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. வண்டி கைக்கு வந்துவிட்டது, வழி எங்கே? இந்தக் கேள்வி புதிதன்று. இங்கிலாந்தில் ஒரு பெண்மணி தம் வாழ்நாளின் பெரும்பகுதி இதே கேள்வியோடு வாழ்ந்தார். அவரே பெரில் பர்டன்.

நோயும் உழைப்பும்

பெரில் 1937 மே 12ஆம் நாள் லீட்ஸ் நகரில் பிறந்தார். சிறு வயதில் வாதக் காய்ச்சல் கண்டு பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தார். கடுமையாக உடலை வருத்துதல் கூடாது என்பது மருத்துவர்களின் எச்சரிக்கை. பின்னாளில் கணவரான சார்லி பர்டனே அவருக்கு மிதிவண்டியைப் பழக்கியவர். 1956இல் டெனிஸ் என்னும் மகள் பிறந்தாள். மார்லி என்னும் ஊரின் பண்ணையில் பெரில் மண்ணைக் கொத்தினார், மூட்டை சுமந்தார். வேலை போக எஞ்சிய நேரமே பயிற்சி நேரம். பணத்துக்காக ஓடும் தொழில்முறைப் பந்தயக்காரராக அவர் மாறவே இல்லை.

அத்தகையவர் 1960லும் 1967லும் சாலைப் பந்தயத்தில் உலக வெற்றி வீராங்கனை ஆனார். ஓடுதளத்தில் நடக்கும் துரத்தற் பந்தயத்தில் ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் ஆண்டுச் சிறப்புப் பட்டத்தை 1959 முதல் 1983 வரை, இடையறாது 25 ஆண்டுகள் தமதாக்கிக்கொண்டார்.

கடிகாரத்தின் நடுநிலை

சாலைப் பந்தயம் இருவகைப்படும். ஒன்றில் அனைவரும் ஒருங்கே புறப்படுவர். முன் செல்பவர் காற்றைக் கிழிக்க, பின் வருபவர் அவர் நிழலில் இளைப்பாறலாம். மற்றொன்று கடிகாரப் பந்தயம். இதில் ஒவ்வொருவரும் இடைவெளி விட்டுத் தனித்தனியே புறப்படுவர். எவர் நிழலும் எவருக்கும் இல்லை. தன் கால், தன் மூச்சு, நடுவராக ஒரு கடிகாரம், அவ்வளவே.

1967 செப்டம்பர் 17ஆம் நாள் 12 மணி நேரக் கடிகாரப் பந்தயம் ஒன்று நடந்தது. ஆண்கள் முதலில் புறப்பட்டனர், பெண்கள் பின்னர். பெரில் ஒவ்வொருவராகக் கடந்துகொண்டே சென்றார். இறுதியில் ஆண்களுள் முதல்வராக விளங்கிய மைக் மக்னமாராவையும் எட்டினார். கடக்கும்போது தம் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து அவரிடம் நீட்டினார் என்பது மிதிவண்டி உலகம் மறவாத செய்தி.

பெரில் அன்று கடந்தது 277.25 மைல், ஏறத்தாழ 446 கிலோமீட்டர். கொல்கத்தாவிலிருந்து அசன்சோல் சென்று திரும்பும் தொலைவை எண்ணிப் பாருங்கள். ஆண்களுக்கான தேசியச் சாதனையையும் அவர் விஞ்சிவிட்டார். ஆண் ஒருவர் அந்த அளவைத் தாண்டியது 1969இல். பெண்களுக்கான சாதனையாகவோ அது 2017 வரை 50 ஆண்டுகள் நின்றது.

திறவாத கதவு

இவ்வளவு வென்றவர் ஒலிம்பிக்கில் எத்தனை பதக்கம் பெற்றார்? ஒன்றுகூட இல்லை. தோற்றதனால் அன்று, பெண்களுக்கு அங்கே பந்தயமே இல்லாததனால்! மிதிவண்டிப் போட்டி 1896 முதலே ஒலிம்பிக்கில் இருந்தது. பெண்களின் சாலைப் பந்தயம் சேர்க்கப்பட்டதோ 1984இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அப்போது பெரிலுக்கு வயது 47. கதவு திறந்தது, ஆனால் காலம் கடந்துவிட்டது.

குறையும் நிறையும்

பெரியோர் வாழ்வைப் படிக்கும்போது குறையையும் மறைத்தல் ஆகாது. 1976இல் தேசியச் சாலைப் பந்தயத்தில் மகள் டெனிஸ் தாயை முந்தி வென்றாள். பரிசு மேடையில் தாய் மகளுக்குக் கை கொடுக்கவில்லை. உலகையே வென்றவரால் அந்த ஒரு கணம் தம்மை வெல்ல இயலவில்லை! எனினும் 1982இல் அவ்விருவரும் இருவர் மிதிக்கும் ஒரே வண்டியில் ஏறி, 10 மைல் பந்தயத்தில் தேசியச் சாதனை படைத்தனர்.

1996 மே 5ஆம் நாள், தம் பிறந்தநாள் விருந்துக்கு அழைப்பிதழ் கொடுக்க மிதிவண்டியில் சென்றபோதே இதயம் நின்று பெரில் மறைந்தார்.

நாம் கற்பது என்ன?

நம் புதுக்கோட்டையில், 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி பழகினர். அவர்கள் பந்தயத்துக்குப் போகவில்லை. சந்தைக்கும் கிணற்றுக்கும் வேலைக்கும் போயினர். எவர் துணையும் எதிர்பாராமல் போயினர் என்பதே அங்கு வெற்றி.

முயற்சி இருந்தால் போதும் என்று சொல்லிவிடுவது எளிது. பெரிலிடம் முயற்சிக்குக் குறைவில்லை. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கிட்டவில்லை. முயற்சி தனியொருவர் கடமை. கதவைத் திறந்து வைத்தல் சமூகத்தின் கடமை. நாளை நம்மில் ஒருவர் விளையாட்டுக் கழகத்தில் அமரலாம். மற்றொருவர் நகரின் சாலைகளைத் திட்டமிடலாம். அன்று, வண்டி ஏறி வரும் ஒரு பெண்ணுக்கு வழி இருக்கிறதா என்று முதலில் பார்ப்போமாக!