பேனா ஊசி பாதியில் நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. சர்க்கரை நோய் இருக்கிறது. எடை 96 கிலோ இருந்தேன். டாக்டர் எழுதிக் கொடுத்தபடி மூன்று மாதமாக ஞாயிறுதோறும் டிர்செபடைட் பேனா ஊசியை வயிற்றில் நானே போட்டுக்கொள்கிறேன். ஆறு கிலோ இறங்கியிருக்கிறது. போன ஞாயிறு பட்டனை அழுத்தும்போது கனமாக இருந்தது. பாதியில் நின்ற மாதிரி தோன்றியது. பயந்துபோய் ஊசியை உருவிவிட்டேன். மருந்து வயிற்றில் வழிந்தது. இன்னொன்று போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தேன், துணிச்சல் வரவில்லை. இந்த வாரம் பசி கூடுதலாக இருக்கிறது. பேனாவுக்குள் காற்றுக்குமிழியும் தெரிகிறது. ஊசி போட்டதற்கு முதல் நாள் இங்கே நான்கு மணி நேரம் கரண்ட் இல்லை; மருந்து கெட்டிருக்குமோ என்றும் சந்தேகம். நான்கு ஊசி முடிந்த பழைய பேனாவில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கிறது. இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. அதைப் போட்டுக்கொண்டு இந்த வாரக் குறையைச் சரிக்கட்டலாமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

— ச.ல., மெட்டுகுடா, ஹைதராபாத்

பதில்: ச.ல. அம்மா, முதலில் நிம்மதியாக இருங்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஆபத்தானது எதுவும் நடந்துவிடவில்லை. மறுபடி போடாமல் விட்டீர்கள் பாருங்கள், அன்றைக்கு நீங்கள் செய்த மிகச் சரியான காரியம் அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். வாரத்துக்கு ஒரே ஊசி போதும் என்று இந்த மருந்தை வடிவமைத்திருப்பதே, அது உடம்பில் நெடுநாள் தங்குவதால்தான். டிர்செபடைட்டின் அரை ஆயுள் (உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 5 நாள். இதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைட்டுக்குச் சுமார் 7 நாள். மூன்று மாதமாகப் போட்டு வருவதால் முந்தைய வாரங்களின் மருந்தும் உங்கள் உடம்பில் இருக்கிறது. ஓர் ஊசியில் பாதி போகாவிட்டால் பசி கொஞ்சம் கூடும், சர்க்கரை கொஞ்சம் ஏறலாம். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இன்னொரு முழு ஊசியை ஏற்றிக்கொண்டால் கதை வேறு. உள்ளே போன மருந்தைத் திருப்பி எடுக்க வழியில்லை. அது நாள்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். விடாத குமட்டல், வாந்தி, பேதி, அதனால் நீரிழப்பு, அதன் பின்னால் சிறுநீரகத்துக்குச் சிரமம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். சர்க்கரைக்காக கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ சேர்த்து எடுப்பவர்களுக்குத் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி, வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வருவது) ஏற்படலாம். ஆகவே, 'போனதா, போகவில்லையா' என்று சந்தேகம் வந்தால் மறுபடி குத்த வேண்டாம். வாராந்திர ஊசியில் குறைந்ததைப் பிறகு சரிசெய்யலாம், கூடியதைச் சரிசெய்ய முடியாது.

உங்களுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வருவதுதான். இந்தப் பேனாக்கள் நம் ஊருக்குப் புதியவை. டிர்செபடைட் மருந்தான மௌன்ஜாரோ இந்தியாவில் 2025 மார்ச்சில் சிறு குப்பியாகத்தான் முதலில் வந்தது. குவிக்பென் என்ற பேனா வடிவம் ஆகஸ்டில் வந்தது. செமாக்ளூடைட் பேனாவான வெகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது. வீட்டில் ஏற்கெனவே இன்சுலின் பேனா பார்த்தவர்கள் அதே மாதிரிதான் என்று நினைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் இருக்கிறது. குவிக்பென்னில் ஒரு டோஸ் 0.6 மில்லி. மில்லிக்கு 100 யூனிட் உள்ள இன்சுலின் பேனாவில் 60 யூனிட் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு. பேனாவில் மாட்டும் ஊசியோ, 32 கேஜ் என்றால், கால் மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லை. அவ்வளவு மருந்து அந்தத் துளை வழியே போக நேரம் பிடிக்கும். பட்டன் கனமாகத் தெரிவதற்கு இதுவே பாதிக் காரணம்.

மீதிக் காரணங்கள் ஊசியில் இருக்கலாம். பேனா ஊசிக்கு இரண்டு மூடிகள் உண்டு. பெரிய வெளிமூடியைக் கழற்றியதும் உள்ளே மெல்லிய உள்மூடி ஒன்று ஊசியை ஒட்டினாற்போல் இருக்கும். அதைக் கழற்ற மறந்தால் மருந்து உடம்பில் போகாமல் வெளியே வழியும். இது அற்பமான தவறு என்று நினைக்காதீர்கள். உள்மூடியைக் கழற்றாமல் இன்சுலின் போட்டு வந்ததால் ஓர் உயிரே போனதை அடுத்து, அமெரிக்காவின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு 2017-ல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அடுத்து, ஊசியை நேராக மாட்டாமல் சாய்வாகத் திருகினால், ஊசியின் பின்முனை பேனாவின் ரப்பரைச் சரியாகத் துளைக்காமல் வளைந்துவிடும். மூன்றாவது, பழைய ஊசியையே திரும்பப் பயன்படுத்துவது. உள்ளே காய்ந்த மருந்து துளையை அடைத்துவிடும். ஒவ்வொரு முறையும் புது ஊசி என்பதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வயிற்றில் மருந்து வழிந்ததற்குக் காரணம், சீக்கிரம் உருவியது. பட்டன் முழுவதும் அமுங்கிய பிறகும் மருந்து வந்துகொண்டிருக்கும். குவிக்பென்னில் பட்டனை அழுத்தியபடியே மெதுவாக ஐந்து வரை எண்ண வேண்டும். சன்னலில் '0' தெரிந்த பிறகே ஊசியை எடுக்க வேண்டும். வெகோவி பேனாவில் '0' வந்த பிறகு ஆறு வரை எண்ணச் சொல்கிறார்கள். இப்படிச் செய்தும் ஊசி முனையிலோ தோலிலோ ஒரு சிறு முத்துப்போல மருந்து நின்றால் கவலைப்பட வேண்டாம்; டோஸ் குறைந்ததாக அர்த்தமில்லை.

காற்றுக்குமிழி பயம் சினிமாவில் பார்த்து வந்தது. அது ரத்தக்குழாயில் போடும் ஊசிக்குரிய கவலை. நீங்கள் போடுவது தோலுக்கடியில் உள்ள கொழுப்பில். சிறு குமிழி உள்ளே போனாலும் கெடுதல் இல்லை, டோஸும் மாறாது. ஆனால் குமிழி ஏன் வந்தது என்று பாருங்கள். ஊசியை மாட்டியபடியே பேனாவை ஃபிரிட்ஜில் வைக்கிறீர்களா? குளிரில் மருந்து சுருங்கும்போது ஊசி வழியே காற்றை உள்ளே இழுக்கும். வெளியே எடுத்துச் சூடேறும்போது மருந்து சொட்டும். போட்டு முடிந்த உடனே ஊசியைக் கழற்றிவிட்டால் இந்த இரண்டு தொல்லையும் வராது.

இனி கரண்ட். நான்கு மணி நேரத்தில் மருந்து கெட்டுவிடாது. கதவைத் திறக்காமல் இருந்தால் ஃபிரிட்ஜ் அதுவரை குளிர்ச்சியைக் காப்பாற்றும். பயன்பாட்டில் உள்ள குவிக்பென்னை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 30 நாள் வரை வெளியிலேயே வைக்கலாம் என்பது விதி. ஆனால் ஹைதராபாத் கோடையில் வெயில் 40-ஐத் தாண்டும்போது வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டிவிடும். அதனால் 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் வைப்பதே உத்தமம். உண்மையில் நீங்கள் பயப்பட வேண்டியது சூட்டைவிட உறைபனியைத்தான். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்குக் கீழே உள்ள தட்டிலோ, பின்சுவரை ஒட்டியோ வைத்தால் மருந்து உறைந்துபோகலாம். ஒருமுறை உறைந்த மருந்து, பிறகு உருகித் தெளிவாகத் தெரிந்தாலும் பயன்படாது, தூக்கிப்போட வேண்டியதுதான். நடுத்தட்டில், ஒரு டப்பாவில் வையுங்கள். சார்மினார் எக்ஸ்பிரஸில் ஓர் இரவு சென்னைக்கு வருவதாக இருந்தாலும், பேனாவைத் துணியில் சுற்றிப் பையில் வையுங்கள். ஐஸ் பேக் நேரடியாக அதன்மேல் படக் கூடாது. மருந்து கலங்கியோ, நிறம் மாறியோ, துகள் மிதந்தோ தெரிந்தால் போடாதீர்கள்.

பழைய பேனாவில் மிச்சம் இருப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். அது ஐந்தாவது டோஸ் அல்ல. ஒவ்வொரு முறையும் பிரைமிங் (ஊசி போடுமுன் ஒரு சொட்டு மருந்தை வெளியேற்றி, ஊசி திறந்திருக்கிறதா என்று பார்ப்பது) செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் கொஞ்சம் கூடுதலாக நிரப்புகிறார்கள். நான்கு டோஸ் முடிந்தபின் மிஞ்சுவதில் முழு டோஸ் இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதை இன்சுலின் சிரிஞ்சால் உறிஞ்சிப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அளவும் தெரியாது, கிருமி சேரவும் வழி. 30 நாள் தாண்டியிருந்தால் பேச்சே வேண்டாம். விலையை நினைத்தால் மனம் வராதுதான். அதைப் போட்டுக்கொண்டு வாந்தியில் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆகும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

வரும் ஞாயிறு இப்படிச் செய்யுங்கள். வழக்கமான டோஸ், வழக்கமான நாள். குறைந்ததைச் சேர்த்துப் போட வேண்டாம். பேனாவை அரை மணி நேரம் முன்பே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். குளிர்ந்த மருந்து எரிச்சல் தரும். கையைக் கழுவி, புது ஊசியை நேராக மாட்டி, இரண்டு மூடிகளையும் கழற்றுங்கள். பட்டனைத் திருகினால் இரண்டு 'கிளிக்' கேட்டு பிரைமிங் நிலைக்கு வரும். ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, குமிழி மேலேறும்படி விரலால் தட்டி, பட்டனை அழுத்தி ஐந்து எண்ணுங்கள். முனையில் மருந்து வர வேண்டும். வராவிட்டால் திரும்பச் செய்யுங்கள். அப்போதும் வராவிட்டால் ஊசியை மாற்றிப் பாருங்கள். மருந்து வந்த பிறகு, சன்னலில் '1' வரும்வரை திருகி, தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, போன வாரம் போட்ட இடத்தைத் தவிர்த்துக் குத்துங்கள். ஸ்பிரிட் தடவியிருந்தால் அது காய்ந்த பிறகு. பட்டனை ஒரே சீராக அழுத்துங்கள்.

மறுபடியும் பாதியில் நின்றால் பட்டனைத் திரும்பத் திருகிப் புது டோஸ் வைக்காதீர்கள். சன்னலில் என்ன தெரிகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். விட்டதை முடிக்கும் முறை பேனாவுக்குப் பேனா மாறும். பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளிலும் அது இருக்கும். அடுத்த வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எப்போதாவது ஒரு வாரம் ஊசி முழுவதுமாகவே விட்டுப்போனால், டிர்செபடைட்டுக்கு நான்கு நாளுக்குள் (96 மணி நேரம்) போட்டுக்கொள்ளலாம். தாண்டிவிட்டால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த வழக்கமான நாளில் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் பழைய அளவில் தொடங்கக் கூடாது.

எப்போது உடனே ஓட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதுகுக்குப் பரவும் கடுமையான வயிற்றுவலி கணைய அழற்சியின் (கணையம் வீங்கிப் புண்ணாவது) அறிகுறியாக இருக்கலாம். தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, சிறுநீர் குறைவது, மயக்கம், முகமோ தொண்டையோ வீங்குவது, கண் மஞ்சளாவது, இவற்றில் எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை, ராத்திரி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உங்கள் குடும்பம் ரயில்வே குடும்பமாக இருந்தால் லாலாகுடா ரயில்வே மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது.

கழற்றிய ஊசிகளை ஸ்வச் ஆட்டோவில் போகும் குப்பையோடு போடாதீர்கள். அதைக் கையால் பிரிப்பவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மூடி, மருத்துவமனையிலோ லேபிலோ கொடுங்கள். பேனாவை, ஊசி மாற்றினாலும், வீட்டில் வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது. ரத்தம் பேனாவுக்குள் திரும்பியிருக்க வாய்ப்புண்டு.

பேனாவிலேயே கோளாறு என்று தோன்றினால் அதை எறியாமல், பெட்டியும் பில்லும் பேட்ச் எண்ணும் பத்திரமாக வைத்துக்கொண்டு கம்பெனியின் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மருந்தின் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க அரசின் இலவசத் தொலைபேசி 1800-180-3024 இருக்கிறது. கடைசியாக ஒன்று. அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது பேனாவையும் ஓர் ஊசியையும் எடுத்துப்போய், அவர் முன்னாலோ நர்ஸ் முன்னாலோ உங்கள் கையாலேயே போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் தவறுகிறது என்று அவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், அதைச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் வேலைதான்.