எண்ணப்படாத வாக்குகள்

சங்கத் தேர்தல் நாளன்று, “நம் ஒரு சீட்டினால் என்ன ஆகிவிடப் போகிறது?” என்று தறியை விட்டு எழாத அங்கத்தினரும், வயலை விட்டுக் கரையேறாத அங்கத்தினரும் வலங்கைமான் வட்டாரத்தில் உண்டு. பங்குத்தொகை எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. அந்த ஒன்றின் பெறுமானத்தை இங்கே ஆராய்வோம்.

அமெரிக்காவில் மாநிலக் கவர்னரை மக்களே தேர்ந்தெடுப்பர். நம் நாட்டில் போல் நியமனம் அன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1839ஆம் ஆண்டுக் கவர்னர் தேர்தலில் பதிவான வாக்குகள் 1,02,066. பாதிக்கு மேல் பெற்றாலன்றி வெற்றி இல்லை என்பது அக்கால விதி. மார்க்கஸ் மார்ட்டன் பெற்றவை 51,034. ஒன்று குறைந்திருப்பின், முடிவு சட்டசபையின் கைக்குப் போயிருக்கும்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் மாநிலத்திலேயே, திருநெல்வேலி மாவட்டத்து இராதாபுரம் தொகுதியில், 2016 சட்டமன்றத் தேர்தலில் திரு. இன்பதுரை 69,590 வாக்குகளும் திரு. அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றதாக அறிவிக்கப்பட்டது. வித்தியாசம் 49. ஆனால் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்ட தபால் வாக்குகளோ 203!

தபால் வாக்குடன் ஓர் உறுதிமொழிப் படிவமும் வைத்தல் வேண்டும். அதில் தகுதியுள்ள அதிகாரி சான்றொப்பம் இடுதல் வேண்டும். இந்த 203 படிவங்களில் ஒப்பமிட்டிருந்தவர் பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கு அத்தகுதி இல்லை என்று வாக்குகள் தள்ளப்பட்டன. வாக்காளர் தம் கடமையைச் செய்தார். தடை வந்ததோ பிறர் கையொப்பத்தால். இது நம் சிந்தனைக்கு உரியது.

வழக்கு நடந்தது. 2019 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த 203 வாக்குகளையும், கடைசி மூன்று சுற்று இயந்திர வாக்குகளையும் எண்ணுமாறு உத்தரவிட்டது. எண்ணிக்கையும் நடந்தது, ஆனால் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. அதற்குள் 2021 பொதுத்தேர்தலே வந்துவிட்டது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் வழக்கிலேயே கழிந்தது.

சட்டமன்றத் தேர்தலில் மறு எண்ணிக்கை கோருவோர், முடிவு அறிவிக்கப்படுமுன் எழுத்து மூலம் கேட்டல் வேண்டும். தேர்தல் வழக்கெனில் 45 நாட்களுக்குள் தொடுத்தல் வேண்டும். இருவர் சமமாகப் பெற்றால் திருவுளச்சீட்டுத்தான்!

சங்கத் தேர்தலுக்கு விதிகள் வேறு. எனினும் அங்கத்தினர் பட்டியலில் பெயரும் தகப்பனார் பெயரும் பிழையின்றி உள்ளனவா, பங்குத்தொகை பாக்கியின்றி வரவு வைக்கப்பட்டுள்ளதா என்பவற்றை, தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல், இப்போதே காரியதரிசியிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.