மழைக்கோட்டின் ஓரத்தில் ஒரு கடைத்தெரு

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகையை நம்மில் பலர் கடையில் மாட்டியிருக்கிறோம். மாட்டிய அன்று மாலையே பற்று நோட்டை எடுத்துக் கடன் எழுதியும் இருக்கிறோம். சிற்றூரில் கடை வைத்திருப்பவர் ஊராரிடம் ரொக்கம் மட்டுமே பேசிக் காலம் தள்ள முடியாது. அப்படியானால் எவ்வளவு கடன் கொடுக்கலாம்? எதைப் பார்த்துக் கொடுக்கலாம்? கொடுத்த கடனைக் காட்டி வாடிக்கையாளரை எவ்வளவு தூரம் கட்டி வைக்கலாம்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடி இம்முறை நாம் கடல் கடந்து போகிறோம். தெற்கு ஆஸ்திரேலியா மாநிலத்தில், தலைநகர் அடிலெய்டிலிருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் யூடண்டா என்று ஒரு சிற்றூர் உண்டு. கோதுமையும் ஆடும் அதன் பிழைப்பு. அந்த வட்டாரம் குடியேறி வளர்ந்த கதையில் கடைக்காரர்களுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது. அதில் பெருமையும் உண்டு, தலைகுனிவும் உண்டு. இரண்டையும் மறைக்காமல் பார்ப்போம்.

நிலம் தேடி வந்தவர்கள்

தெற்கு ஆஸ்திரேலியா 1836-ல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடாகத் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் மற்றப் பகுதிகளைப் போலக் கைதிகளைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் அல்ல இது. நிலத்தை விற்று, அந்தப் பணத்தில் உழைப்பாளிகளைக் கப்பலேற்றி அழைத்து வருவது என்பதே திட்டம். 1838 முதல் பிரஷ்யாவிலிருந்து லூத்தரன் சமயத்தைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்களும் வரத் தொடங்கின. அவர்கள் அடிலெய்டை அடுத்த ஊர்களிலும் பரோசா பள்ளத்தாக்கிலும் குடியேறினார்கள். பிள்ளைகள் பெருகி நிலம் போதாமற்போகவே, வடக்கே வடக்கே நகர்ந்து யூடண்டா பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

அந்த நிலம் வெற்று நிலமாக இருக்கவில்லை. அது ங்கட்ஜுரி என்னும் பழங்குடி மக்களின் மண். முதலில் ஆட்டு மந்தைக்காரர்களும் பிறகு விவசாயிகளும் வந்தபோது அம்மக்கள் நிலத்தையும் நீரையும் இழந்தார்கள். புதிய நோய்களுக்கும் பலியானார்கள். யூடண்டா என்ற பெயரே அங்கிருந்த ஒரு நீரூற்றுக்குப் பழங்குடிகள் வைத்திருந்த பெயரிலிருந்து வந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களுக்கு ஊரில் இடம் இல்லாமற்போனது என்பதையும் இந்தக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

குடியேறியவர்களுக்கு முதல் சந்தையாக வாய்த்தவை செப்புச் சுரங்கங்கள். கபுண்டாவில் 1842-லும் புர்ராவில் 1845-லும் செம்பு கண்டுபிடிக்கப்பட்டது. சுரங்கத் தொழிலாளிக்கு மாவு வேண்டும், வண்டி மாட்டுக்குத் தீவனம் வேண்டும். வாங்க ஆள் இருந்ததால் விளைவிக்க ஆள் வந்தார்கள். 1869-ல் வந்த ஒரு சட்டம், 640 ஏக்கர் வரை நிலத்தைத் தவணைக் கடனில் வாங்க வழி செய்தது. கையில் பணம் குறைந்தவரும் நிலக்காரர் ஆனார். ஆனால் முதல் நாளிலிருந்தே கடனாளியாகவும் ஆனார்.

கோய்டர் கிழித்த கோடு

இந்த இடத்தில் ஓர் அரசு அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ் கோய்டர் என்பவர் அம்மாநிலத்தின் தலைமை நில அளவையாளர். 1860-களின் நடுவில் கொடும் வறட்சி வந்தது. வறட்சி எதுவரை தாக்கியிருக்கிறது என்று பார்த்து வரும்படி 1865-ல் அவரைப் பணித்தார்கள். அவர் குதிரையேறி நெடுந்தூரம் சுற்றினார். எங்கே மாலி மரப் புதர் முடிகிறது, எங்கே வறண்ட நிலத்துக்கு உரிய உப்புச் செடி தொடங்குகிறது என்று செடிகொடிகளைப் பார்த்தே நிலப்படத்தில் ஒரு கோடு கிழித்தார். கோட்டுக்குத் தெற்கே பயிர் செய்யலாம். வடக்கே ஆடு மேய்க்கலாம், பயிரை நம்பக் கூடாது என்பது அதன் பொருள்.

கோடு கிழித்த சில ஆண்டுகளில் நல்ல மழை பெய்தது. கோட்டுக்கு அப்பாலும் பச்சைப் பசேலென்று இருந்தது. "உழுத நிலத்தைத் தேடி மழை தானே வரும்" என்று பலரும் நம்பினார்கள். கோய்டரைக் கேலி செய்தார்கள். 1874-ல் சட்டத்தை மாற்றி, கோட்டைத் தாண்டியும் நிலம் விற்க அனுமதித்தார்கள். வடக்கே புதிது புதிதாக ஊர்கள் அளக்கப்பட்டன. ஓர் ஊருக்குப் பாரினா என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் அதற்கு மாவு என்று பொருள். அவ்வளவு நம்பிக்கை!

1880-களில் வறட்சி திரும்பி வந்தது. விதைத்த கோதுமை அளவுகூடத் திரும்பாத ஆண்டுகள் வந்தன. குடும்பங்கள் வீட்டை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே நடந்தன. மாவு ஊர் என்று பெயர் பெற்ற பாரினா இன்று இடிந்த கல்சுவர்கள் நிற்கும் இடம். விவசாயி போனபின் கடைக்காரர் மட்டும் யாருக்கு விற்பார்? ஊரின் பேரேட்டில் நிலுவை இருந்தது; நிலுவை வைத்தவர் ஊரில் இல்லை.

யூடண்டா இந்தக் கோட்டை ஒட்டி அமைந்த ஊர். ஊரின் மேற்கே மலைச்சரிவில் ஓரளவு மழை உண்டு. கிழக்கே முர்ரே ஆற்றுச் சமவெளியில் போகப் போக மழை குறையும். ஒரே கடைக்கு வரும் இரண்டு விவசாயிகளில் ஒருவருக்கு விளையும், மற்றவருக்கு விளையாது. கடன் கொடுப்பவருக்கு இதைவிடக் கடினமான இடம் இருக்க முடியாது.

ரயில் கொண்டுவந்த வியாபாரம்

1878-ல் கபுண்டாவிலிருந்து யூடண்டா வழியாக முர்ரே ஆற்றங்கரையில் உள்ள மார்கன் வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. ஆற்றுப் படகுகளில் வந்த கம்பளியும் மற்றச் சரக்கும் மார்கனில் ரயிலேறி அடிலெய்டு துறைமுகத்துக்குப் போயின. யூடண்டாவில் கடைத்தெரு சூடு பிடித்தது.

கோதுமை அப்போது மூட்டையாகத்தான் போகும். மூன்று புஷல், அதாவது சுமார் 80 கிலோ, பிடிக்கும் சணல் சாக்குகள். அந்தச் சாக்குகளில் பெரும்பாலானவை நம் நாட்டுக் கல்கத்தாவிலிருந்து கப்பலில் போனவை. அறுவடைக்கு முன் சாக்கு வாங்கவும் விவசாயிக்குக் கடன் வேண்டும்.

அங்கு அறுவடை நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நடக்கும். ஆண்டில் ஒரே ஒரு முறைதான் விவசாயி கையில் பணம் புரளும். மற்ற மாதங்களில் மாவு, சர்க்கரை, தேயிலை, மண்ணெண்ணெய், செருப்பு, ஆணி எல்லாம் கடைக் கணக்கில். கடைக்காரரும் நகரத்து மொத்த வியாபாரியிடம் தவணைக்குத்தான் சரக்கு எடுத்திருப்பார். மழை பொய்த்தால் விவசாயி, கடைக்காரர், மொத்த வியாபாரி மூவருக்கும் ஒரே நாளில் மூச்சு முட்டும். 1886-ல் அடிலெய்டில் ஒரு பெரிய வங்கியே முறிந்தது. 1893-ல் ஆஸ்திரேலியா முழுவதும் வங்கி நெருக்கடி. பணம் கண்ணில் படுவதே அரிதாயிற்று.

விறகும் மளிகையும்

மழை பொய்த்தாலும் யூடண்டாவின் கிழக்கே ஒரு விளைச்சல் பொய்க்கவில்லை. அதுதான் மாலி மரம். தைலமர இனத்தைச் சேர்ந்த இது ஒரே வேரிலிருந்து பல கிளைத் தண்டுகளாக எழும். மண்ணுக்குள் இருக்கும் வேர்க்கட்டை பெரியது, கடினமானது. உழவுக்கு அது பெரும் தொல்லை. கலப்பை முறிந்துவிடும். 1876-ல் ரிச்சர்டு போயர் ஸ்மித் என்பவர், கட்டையில் முட்டினால் தானே மேலெழும்பித் தாண்டி மறுபடி மண்ணில் இறங்கும் கலப்பையைச் செய்த பிறகுதான் இந்த நிலங்கள் உழவுக்கு வசப்பட்டன.

உழவுக்குத் தொல்லையான அதே கட்டை அடுப்புக்கு அருமையான விறகு. நின்று எரியும், நல்ல சூடு தரும். அடிலெய்டு நகரத்துக்கு விறகு வேண்டும். சதர்லண்ட்ஸ், பவர், மவுண்ட் மேரி போன்ற நிலையங்களில் விறகு ரயிலேறியது. கோதுமையில் கைவிடப்பட்ட ஏழை விவசாயி விறகு வெட்டி அரிசி உலை வைக்காத குறையாகப் பிழைத்தார்.

இங்கேதான் கடைக்காரர் வருகிறார். விறகை வாங்கி நகரத்துக்கு அனுப்பியவரும் அவரே. விறகுக்கு ஈடாக மளிகை கொடுத்தவரும் அவரே. விறகின் விலையையும் அவரே சொன்னார், சர்க்கரையின் விலையையும் அவரே சொன்னார். தராசின் இரண்டு தட்டும் ஒருவர் கையில்! வெட்டியவர் தமக்குக் கிடைக்கும் விலை போதாது என்று குமுறினார்கள். பழைய பாக்கி இருப்பதால் வேறு கடைக்குப் போகவும் முடியவில்லை.

கடைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பல ஆண்டு நிலுவையைச் சுமந்தவர் அவர்தான். விறகில் கொஞ்சம் கூடுதலாக எடுத்தால்தான் நட்டம் ஈடாகும் என்று நினைத்திருப்பார். நாமும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம். ஆனால் அவர் ஒன்றை மறந்தார். நட்டத்தை ஈடுகட்டும் விலை வேறு, வழியில்லாதவரிடம் பிடித்துக்கொள்ளும் விலை வேறு. வாங்குபவருக்கு அந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

விவசாயிகள் திறந்த கடை

1896-ல் தாமஸ் ராபர்ட்ஸ் என்பவரின் முன்முயற்சியில் விறகு வெட்டும் விவசாயிகள் ஒன்றுகூடி யூடண்டா விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தங்கள் விறகைத் தாங்களே சேர்த்து நகரத்தில் விற்றார்கள். அதோடு நிற்காமல், தங்களுக்கு வேண்டிய மளிகையையும் தாங்களே கொள்முதல் செய்து கடை திறந்தார்கள்.

படிப்போ பெருமுதலோ இல்லாத விறகு வெட்டிகளால் என்ன கடை நடத்த முடியும் என்று பழைய கடைக்காரர்கள் எண்ணியிருக்கலாம். நடந்தது வேறு. அச்சங்கம் முர்ரே பகுதியிலும் மாநிலத்தின் மற்ற நாட்டுப்புற ஊர்களிலும் கிளைவிட்டு வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், தெற்கு ஆஸ்திரேலியாவின் கிராமத்துக் கடைத்தெருக்களில் அதன் பெயர்ப்பலகை மிகவும் பழக்கமான ஒன்றாக இருந்தது.

கவனியுங்கள். அந்தப் போட்டியாளரை வெளியூரிலிருந்து யாரும் அனுப்பவில்லை. உள்ளூர்க் கடைக்காரரின் பற்று நோட்டிலிருந்தே அவர் எழுந்து வந்தார்.

வளர்ச்சியும் மாற்றமும்

பின்னாளில் சூப்பர் பாஸ்பேட் உரம் வந்து, களைத்துப்போன கோதுமை நிலங்களுக்கு உயிர் கொடுத்தது. 1914-ல் யூடண்டாவிலிருந்து ராபர்ட்ஸ்டவுனுக்குக் கிளை ரயில் பாதை போடப்பட்டது. 1950-கள் முதல் மூட்டை போய், தானியத்தை மொத்தமாகக் கொட்டிச் சேர்க்கும் களஞ்சியங்கள் வந்தன. சாக்கு வியாபாரம் தேய்ந்தது. கார் வந்தது, நல்ல சாலை வந்தது. ஒரு மணி நேரத்தில் பெரிய ஊருக்குப் போய்ச் சரக்கு வாங்கலாம் என்றானது. மார்கன் வரையிலான ரயில் 1969-ல் நின்றது. ராபர்ட்ஸ்டவுன் பாதை 1990-லும், கபுண்டா–யூடண்டா பாதை 1994-லும் மூடப்பட்டன. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளின் காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தின் கடைகளும் பழைய செல்வாக்கை இழந்தன. பழைய கடைக்காரரை வென்றவருக்கும் காலம் ஒரு கணக்கு வைத்திருந்தது.

நமக்கு உரிய பாடங்கள்

ஒன்று: கடன் கொடுக்கும்முன் ஆளைப் பார்ப்பதோடு, அவர் வருமானம் எதை நம்பி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கோய்டர் இரண்டு நல்ல மழையைப் பார்த்துக் கோடு கிழிக்கவில்லை. வறட்சி ஆண்டைப் பார்த்துக் கிழித்தார். நம் கடன் வரம்பும் நல்ல ஆண்டின் விற்பனையைப் பார்த்து அமையாமல், மோசமான ஆண்டின் வசூலைப் பார்த்து அமையட்டும்.

இரண்டு: ஊரின் ஒரே விளைச்சலை நம்பி முழுச் சரக்கையும் கடனில் இறக்கக் கூடாது. கோதுமை பொய்த்தபோது யூடண்டாவைக் காத்தது விறகு. நம் ஊரில் அந்த இரண்டாவது வருமானம் எது என்று தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மூன்று: வாடிக்கையாளரின் பொருளை வாங்கி, அவருக்கே சரக்கும் விற்பவர், இரண்டு கணக்கையும் தனித்தனியே எழுதி அவர் கண்முன் காட்ட வேண்டும். விலை குறைவானாலும் கணக்கு தெளிவாக இருந்தால் மனக்கசப்பு வளராது.

நான்கு: பாக்கிக்குப் பயந்து நம் கடைக்கு வருபவர் வாடிக்கையாளர் ஆகமாட்டார். கதவு திறக்கும் நாளை அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

சங்கக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

நம் பற்று நோட்டில் உள்ள நிலுவையில் எத்தனை பங்கு ஒரே பயிரையோ ஒரே தொழிற்சாலையையோ நம்பி இருக்கிறது? அது ஓராண்டு நின்றால் நம் கடை எத்தனை மாதம் தாங்கும்? பாக்கி முழுவதும் தீர்ந்த பிறகும் நம் கடைக்கே வருவோர் எத்தனை பேர்?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் எண்ணிக்கைதான் நம் கடையின் உண்மையான முதல். இன்று இரவு கல்லாவை எண்ணிய பிறகு, அதையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்போம்.