நோட்டன் மழையைத் திறக்கும் முன்

காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு நோட்டன் பிரிட்ஜில் வந்து தேங்குகிறது. அங்கிருந்து சுரங்கம் வழியாக இறங்கி, 1950 முதல் பழைய லக்ஷபான மின்நிலையத்தை ஓட்டுகிறது. இந்த நீர்ப்பிடிப்பில் பெய்யும் மழையை ஆய்வுத் தலைப்பாக எடுக்கும் கெம்பஸ் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. மழைமானி அளவுகள் தோட்ட ஆபிஸ் பதிவேட்டில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நாசாவின் செய்மதித் தரவு நெட்சிடிஎஃப், எச்டிஎஃப் என்ற கோப்பு வகைகளில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் முதல் கோப்பே திறக்காமல் பலர் நின்றுவிடுகிறார்கள். கோப்பு பழுதென்று நினைத்துத் திரும்பத் திரும்ப இறக்கி, டேட்டா ரீலோட் காசைத் தீர்க்கிறார்கள். அதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கோப்புப் பெயரின் வாலை நம்பாதீர்கள். பைதனில் கோப்பை பைனரி முறையில் திறந்து முதல் 8 பைட்டுகளை மட்டும் வாசியுங்கள். 'சிடிஎஃப்' என்ற மூன்று எழுத்தும் அதையடுத்து 1, 2 அல்லது 5 என்ற எண்ணும் வந்தால் அது பழைய பாணி நெட்சிடிஎஃப். ஒரு விசித்திரக் குறியும் (மதிப்பு 137) பின்னால் 'எச்டிஎஃப்' எழுத்துகளும் வந்தால் எச்டிஎஃப்5. நெட்சிடிஎஃப்4 கோப்பும் உள்ளே எச்டிஎஃப்5 என்பதால் இப்படித்தான் தொடங்கும். 14, 3, 19, 1 என்ற மதிப்புகள் வந்தால் எச்டிஎஃப்4. நாசாவின் டிஆர்எம்எம் செய்மதிக் காலத்து மழைக் கோப்புகள் பல இந்த வகை. அதன் வாரிசான ஐமெர்க் மழைத் தரவு எச்டிஎஃப்5. எச்டிஎஃப்4, எச்டிஎஃப்5 என்று பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இரண்டும் வேறு வேறு அமைப்புகள், ஒன்றுக்கான லைப்ரரி மற்றதைத் திறக்காது. முதல் எழுத்தே '<' என்றால் அது தரவே அல்ல. நாசாவின் எர்த்டேட்டா கணக்கில் உள்நுழையாமல் இறக்கியதால் வந்த இணையப் பக்கம் அது. எத்தனை முறை இறக்கினாலும் அதேதான் வரும்.

நெட்சிடிஎஃப் கருவிகள் கணினியில் இருந்தால் வேலை இன்னும் சுலபம். 'என்சிடம்ப்' கட்டளையோடு சிறுகோடும் 'கே' எழுத்தும் கொடுத்தால் வகையை ஒரே வரியில் சொல்லும். 'எச்' கொடுத்தால் மாறிகளின் பெயர், அலகு எல்லாம் காட்டும். அதை முழுவதும் வாசியுங்கள்.

அடுத்தது லைப்ரரி. குழப்பம் அதிகம் இங்கேதான். பைதன் பாக்கேஜின் பதிப்பை மட்டும் பார்த்தால் போதாது. அதன் கீழே நெட்சிடிஎஃப் சி லைப்ரரி, அதற்கும் கீழே எச்டிஎஃப்5 லைப்ரரி என்று மூன்று அடுக்கு உண்டு. எக்ஸ்அரே என்ற பைதன் பாக்கேஜின் 'ஷோ வேர்ஷன்ஸ்' மூன்றையும் ஒரே பட்டியலில் தரும். எச்டிஎஃப்5-ஐ நேரடியாக வாசிக்கும் எச்5பை பாக்கேஜுக்குத் தனியாகக் கேளுங்கள். பிப் மூலம் நிறுவும்போது நெட்சிடிஎஃப்4 பாக்கேஜும் எச்5பை பாக்கேஜும் தத்தமக்கென ஓர் எச்டிஎஃப்5-ஐக் கூடவே கொண்டுவருகின்றன. என்சிடம்ப் பயன்படுத்துவது மூன்றாவது ஒன்றாக இருக்கலாம். ஒரே மடிக்கணினியில் ஒரே கோப்பு ஓரிடத்தில் திறந்து இன்னோரிடத்தில் திறக்காததற்கு இதுவே காரணமாகலாம்.

பழைய கோப்பைப் புதிய லைப்ரரி வாசிக்கும். மறுதலை எப்போதும் நடக்கும் என்பதில்லை. 2016இல் வந்த எச்டிஎஃப்5 1.10இன் புதிய வசதிகளோடு எழுதிய கோப்பை 1.8 வாசிக்காது. முடிந்தால் லைப்ரரியைப் புதுப்பியுங்கள். ஆய்வுகூடக் கணினியில் அந்த அனுமதி இல்லையென்றால், புதிய லைப்ரரி உள்ள கணினியில் 'என்சிகொப்பி' கொண்டு பழைய பாணிக்கு மாற்றி எடுத்துவரலாம். ஐமெர்க்கின் அரைமணிக் கோப்புக்கு இந்த வழி சரிவராது: அதன் மாறிகள் ஒரு குழுவுக்குள் இருக்கின்றன, பழைய பாணிக்குக் குழு தெரியாது.

கோப்பு திறந்துவிட்டாலும் தரவின் பதிப்பைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இதுவே மிக முக்கியம், ஏனென்றால் இங்கே பிழைச் செய்தி வந்து காப்பாற்றாது. ஐமெர்க் 6ஆம் பதிப்பில் 'பிரசிப்பிட்டேஷன்கல்' என்றிருந்த மாறி, 7இல் வெறும் 'பிரசிப்பிட்டேஷன்' ஆனது. பெயரை மட்டும் திருத்திக்கொண்டு சில ஆண்டுகளை 6இலும் சிலவற்றை 7இலும் எடுத்துக் கோத்தால், கணிப்பு முறை மாறியதை மழை மாறியதாக எழுதிவிடுவீர்கள். எல்லா ஆண்டுகளையும் ஒரே பதிப்பில் எடுங்கள். எடுத்த பதிப்பையும், இறக்கிய தேதியையும், மூன்று அடுக்கு எண்களையும் ஆய்வுக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

பதிவேட்டோடு ஒப்பிடும்போது நேரத்தையும் கவனியுங்கள். செய்மதியின் நாள் நம் நேரப்படி காலை 5.30க்குத் தொடங்குகிறது. தோட்டத்து மழைமானியை 8.30க்கு அளக்கிறார்கள் என்றால், அரைமணிக் கோப்புகளை எடுத்து 8.30 முதல் 8.30 வரை நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டும்.