கடைக்காற் பிளவும் காலந் தாழ்த்தலும்

வீடு காண வருவோர் சுவரை நோக்குவர், கூரையை நோக்குவர், தளத்தின் வழவழப்பை வியப்பர். மண்ணுள் மறைந்து கிடக்குங் கடைக்காலை நினைப்பார் மிகச் சிலரே. அக்கடைக்காலிற் பிளவு தோன்றியபொழுது உடனே செப்பனிடாது நாள் கடத்துவதால் விளையுங் கேடு யாதென்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மண்ணாராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எம் இல்லத்துச் சுவரே எமக்கு இப்பாடத்தைப் புகட்டியது. அவ்வரலாறு பின்னர் வரும்.

யாம் பிறந்தது பொன்னேரியைச் சார்ந்ததொரு சிற்றூர். ஆரணியாறும் கொசத்தலையாறும் நெடுங்காலமாகக் கொணர்ந்து பரப்பிய வண்டலே எம் நாட்டின் நிலம். பழவேற்காட்டு ஏரியையுங் கடலையும் அணுகுந்தோறும் மணல் மிகும். உள்நாட்டிலோ நெல் விளையுங் களிமண் மிகும். களிமண் உழவனுக்கு நண்பன், கொத்தனுக்குப் பகைவன். யாங்ஙனமெனின், சித்திரை வெயிலில் அது நீரற்றுச் சுருங்கிக் கைந்நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி மழையில் நீருண்டு பருத்து மேலெழும். அதன்மேல் அமர்ந்த வீடோ ஒருபடித்தாக எழுந்து ஒருபடித்தாகத் தாழ்வதன்று. வெளிச்சுவரின் ஓரத்து மண் விரைந்து நனைந்து விரைந்து காயும். நடுவீட்டின் கீழுள்ள மண் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். ஆகவே ஓரம் அசைய நடு அசையாது நிற்கும். இவ்விரண்டற்கும் இடையே சுவர் கிழிபடும். சன்னலின் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் பிளவும், செங்கற் படைகளின் வழியே படிக்கட்டுப் போல் இறங்கும் பிளவும், மழைக்காலத்து மூட மறுக்குங் கதவும் இதன் அடையாளங்களாம்.

குளிர் மிகுந்த நாடுகளில் இத்தொழிலைப் பனி செய்கின்றது. நீர் உறையுங்கால் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கும். பிளவினுட் புகுந்த மழைநீர் இரவில் உறைந்து ஆப்புப்போற் சுவரை அகற்றும். பகலில் உருகி இன்னும் உள்ளே இறங்கும். மறுநாளிரவு மீண்டும் உறையும். நிலத்தின் ஈரமும் உறைந்து பனித்தகடுகளாகித் திரண்டு கடைக்காலையே மேலெடுக்கும். இதனாலன்றோ கனடா முதலிய நாட்டினர் உறைபனி எட்டாத ஆழம்வரை, சிலவிடங்களில் நான்கடிக்கு மேலும், தோண்டிக் கடைக்கால் இடுகின்றனர்! இலையுதிர் காலத்தில் அடைக்காது விட்ட மயிரிழைப் பிளவு இளவேனிலில் விரல் நுழையும் வாயிலாகி நிற்றல் அங்கே இயல்பு. எமக்குப் பனியில்லை, ஆயினும் கோடையும் மாரியும் கூடி அவ்வேலையைக் குறைவறச் செய்கின்றன.

காலந் தாழ்த்தும் இயல்பை வள்ளுவர் 'நெடுநீர்' என்றார். ஆண்டு நீர் என்பது நீர்மை, அஃதாவது இயல்பு, தண்ணீரன்று. எனினும் இப்பொருளை எழுதுங்கால் அச்சொல்லின் இரு பொருளும் எம் நெஞ்சில் வந்து நின்றன. தாழ்ப்பவன் மனிதன், அத்தாழ்வைப் பயன்கொள்வது தண்ணீர்.

தாழ்த்தலால் வருங் கேடு ஒன்றோடு நில்லாது. கோடையில் விரிந்த பிளவினுள் மண்ணும் பெயர்ந்த சாந்தும் விழுந்து நிரம்பும். மாரியில் நிலம் பருத்துச் சுவர் தன்னிலைக்கு மீள முயலும், மீள இடமிராது. அடுத்த கோடையில் அங்கிருந்தே மேலும் விரியும். ஆதலின் பிளவு ஆண்டுதோறும் வளர்வதேயன்றிக் குறைவதில்லை. அவ்வழியே கறையான் ஏறும், அரசங்கன்று வேரூன்றும். கம்பியிட்ட கான்கிரீட் கட்டடமாயின், கடற்காற்றின் உப்பு உள்ளிறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பினும் மிகுந்த இடங் கொள்வதாகலின் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். தொடக்கத்தில் ஒரு கூடைச் சாந்தோடு முடிந்திருக்கும் வேலை இறுதியிற் சுவரையே கேட்கும்.

எம் மாவட்டத்தின் வட எல்லைக்கு அப்பாலுள்ள காளத்தியில் நிகழ்ந்தது பலர்க்கும் நினைவிருக்கும். கிருட்டிணதேவராயர் 1516 இல் எடுப்பித்த இராசகோபுரத்திற் பல்லாண்டுகளாகப் பிளவு காணப்பட்டு வந்தது. இறுதியில் அப்பிளவு விரிந்து பெருக, 2010 மே 26 ஆம் நாள் கோபுரம் முற்றுஞ் சரிந்து கற்குவியலாயிற்று. முன்னரே மக்களை அகற்றியிருந்தமையால் உயிர்ச்சேதம் இல்லை. அவ்விடத்துப் புதுக்கோபுரம் 2017 இல் நிறைவெய்தியது. ஆயினும் ஐந்நூறாண்டுப் பழமையைப் புதிதாகக் கட்டுதல் எங்ஙனம்?

குளிர்நாட்டுக்கு எடுத்துக்காட்டு வேண்டின் இமயத்துச் சோசிமடத்தைக் காண்க. பழைய நிலச்சரிவின் குவியல்மேல் அமைந்த அவ்வூரிற் பெருங்கட்டடங்கள் தகா, நீர் வடிகால் வேண்டும் என 1976 இலேயே மிசுரா குழுவினர் எச்சரித்தனர். ஊரோ வளர்ந்தது. 2023 சனவரியில், கடுங்குளிரில், நூற்றுக்கணக்கான வீடுகள் வெடிக்க, மக்கள் தங்கள் இல்லங்களைத் துறந்து வெளியேற நேர்ந்தது. அங்கே தாழ்த்தப்பட்டது சுவரின் பழுதன்று, நிலத்தைப் பற்றிய நினைவு.

முன்னறிந்து செய்தாரும் உளர். சென்னை எழும்பூரில் 1821 இல் நிறைவெய்திய தூய அந்திரேயா ஆலயத்தைக் கட்டிய தே அவிலாந்து என்னும் பொறியாளர், நிலம் நொய்ம்மையானது எனக் கண்டு, கிணறுகள் பலவற்றை ஆழ இறக்கி அவற்றின்மேற் கடைக்கால் அமைத்தார். கிணறிறக்குதல் நம் நாட்டார் கைத்தொழிலேயாம். இந்நாளில் உரூர்க்கிக் கட்டட ஆராய்ச்சி நிலையத்தார், கரிசல் முதலிய களிநிலங்கட்கெனக் குமிழ் போன்று அடிபருத்த தூண்களைப் பரப்பியுள்ளனர். மண்ணின் அசைவு எட்டாத ஆழத்தில் அவை ஊன்றி நிற்கும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை அண்டி, நேற்றுவரை நெல் விளைந்த வயலில் மூன்றடி மண் கொட்டி அடுத்த திங்களே வீடெழுப்புவோர் இவற்றைக் கேட்டறிந்தால் நலம்.

இனி எம் இல்லம். 2015 இல் வெள்ளம் வடிந்தபின் மேற்குச் சுவரில் ஒரு கோடு தோன்றியது. கொத்தனார் வந்து பார்த்து, "இப்பவே கடைக்காலைத் தோண்டிப் பார்த்துடுங்க, ஐயா" என்றார். தந்தையார் அவ்வாண்டு தமக்கையின் திருமணத்தைக் கூறினார். பின்னர்ப் பாட்டியாரின் மருத்துவம் வந்தது. பின்னர் எம் கல்லூரிக் கட்டணம். ஆண்டுதோறும் சுண்ணாம்பு பூசினோம். கோடு ஆண்டுதோறும் அதனூடே மீண்டது. சென்ற மாரியில் ஒரு விரல் நுழைந்தது. பாட்டியார் அச்சுவரோரத்திலிருந்த தம் கட்டிலைத் தாமே நகர்த்திக்கொண்டார்; எவரையும் ஒன்றும் கேட்கவில்லை.

பங்குனியில் வேலை நடந்தது. முழுச்சுவரின் அடியையும் ஒருங்கே தோண்டலாகாது. நான்கடி தோண்டிக் கான்கிரீட்டு இட்டு இறுகவிட்டு, இடையே நான்கடி விட்டு அப்பாற் செல்லல் வேண்டும். கூரைநீர் சுவரடியில் விழாதவாறு வடிகாலும் வைத்தனர். ஆன செலவு, முதலாண்டிற் கொத்தனார் கூறியதினும் ஐந்து மடங்கு. அடைத்த பிளவின் குறுக்கே சாந்திட்டு ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி அதன்மேல் நாளைக் குறித்தார் கொத்தனார். சுவர் அசையின் கண்ணாடி முறியும் என்றார். விடுமுறைக்குச் செல்லுந்தோறும் முதலில் அதனையே நோக்குகின்றோம். இதுகாறும் முறியவில்லை. ஐப்பசி மழை இனித்தான் வரவேண்டும்.