குழித்தறியில் இறங்க மறுக்கும் முழங்கால்

கேள்வி: மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் தறி. என் தம்பி மகனுக்கு 17 வயது. ஹீமோஃபீலியா ஏ, கடுமையான வகை. சின்ன வயதில் முழங்கால் வீங்கும்போதெல்லாம் சுளுக்கு என்று எண்ணெய் போட்டு வழித்துவிட்டோம். இப்போது வலது காலை முழுதாக நீட்ட வரவில்லை, குந்தி உட்காரவும் முடியவில்லை. கால் சரியாகுமா? தறியில் உட்காரவைக்கலாமா?
– நெசவாளர் வீட்டு வாசகி, சின்ன காஞ்சிபுரம்

பதில்: அடி எதுவும் படாமல் குழந்தையின் முட்டி வீங்கினால் விளக்கெண்ணெயும் சூட்டு ஒத்தடமும் தேடுவது நம் ஊர்களில் வழக்கம். அந்தக் குடும்பம் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா உள்ள பிள்ளைக்கு வழித்துவிடும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ரத்தக் கசிவு கூடத்தான் செய்யும்.

மூட்டின் உள்பக்கம் ரத்த நாளங்கள் நிறைந்த மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. கடுமையான வகையில் ரத்தத்தை உறையவைக்கும் ஃபேக்டர் 8 இயல்பான அளவில் 1 சதவீதம்கூட இருக்காது. அதனால் சவ்வில் தொடங்கும் கசிவு லேசில் நிற்பதில்லை. ரத்தத்திலுள்ள இரும்பு சவ்வில் படிகிறது. சவ்வு தடித்து, புது நாளங்கள் முளைத்து, அவையும் சுலபமாக உடைந்து மறுபடி கசிகின்றன. நடுவில் அரிபடுவது குருத்தெலும்பு. முழங்கால், முழங்கை, கணுக்கால் மூன்றுக்கும்தான் இந்தக் கஷ்டம் அதிகம். ஒரே மூட்டில் 6 மாதத்துக்குள் 3 முறை தானாக ரத்தம் கசிந்தால் அதை ‘டார்கெட் ஜாயின்ட்’ என்கிறார்கள் மருத்துவர்கள்.

இதில் தலையணைக்கும் ஒரு பங்கு உண்டு. வீங்கிய காலை மடக்கி வைத்தால் வலி குறையும். அதனால் பாசமுள்ள யாராவது முட்டிக்கு அடியில் தலையணை வைத்துவிடுவார்கள். நாள்கணக்கில் அப்படியே கிடந்தால் தொடையின் பின்பக்கத் தசை சுருங்கி, கால் மடங்கிய வாக்கிலேயே நின்றுபோகிறது. இந்தப் பையனுக்கும் அப்படித்தான் ஆயிற்றா என்று தெரிய நேரில் சோதிக்க வேண்டும். தேய்ந்த குருத்தெலும்பு திரும்பாது. தசைச் சுருக்கம் அப்படியல்ல. ஃபேக்டர் ஏற்றிக்கொண்டு செய்யும் பிசியோதெரபி, படிப்படியாக மாற்றிப் போடும் மாவுக்கட்டு ஆகியவற்றால் நன்றாகவே தளரக்கூடும். மூட்டே சிதைந்திருந்தால் வளர்ச்சி முடிந்த பிறகு மாற்று அறுவை சிகிச்சை உண்டு.

சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இந்தத் துறையில் உலகத்துக்கே வழிகாட்டுகிறது. அங்கு உருவான ‘ஃபிஷ்’ என்ற அளவுகோல் எக்ஸ்ரே படத்தைப் பார்த்து மார்க் போடுவதில்லை. சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, குந்தி உட்கார்ந்து எழுவது, நடப்பது, படி ஏறுவது என்று ஒவ்வொன்றையும் செய்யச் சொல்லி 1 முதல் 4 வரை மதிப்பிடுகிறது. குந்துவதை அதில் சேர்த்தது நம் மண்ணை அறிந்தவர்கள் செய்த காரியம். வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திகிரியின் 24 படிகளை ஏறும்போது பையன் எந்தக் காலை முன்னால் வைக்கிறான், எத்தனையாவது படியில் நிற்கிறான் என்று வீட்டார் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்கு அது பெரிய உதவி.

தறி விஷயம். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்கில் மிதி மிதிப்பது, ஏற்கெனவே மடங்கி நிற்கும் முட்டிக்கு ஏற்றதல்ல, கணுக்காலுக்கும் ஓய்வில்லை. இப்போதைக்கு வேண்டாம். டிசைன் போடுவது, கணக்கு, விற்பனை என்று பட்டிலேயே வேறு வேலைகள் இருக்கின்றன. முதலில் படிப்பு நிற்கக் கூடாது.

வீட்டில் வேறு சிறுபிள்ளைக்கும் இந்த நோய் இருந்தால் வீக்கம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கசிவுக்கு முன்பே முறையாக ஃபேக்டர் போட்டுவந்த சிறுவர்களில் 93 சதவீதம் பேருக்கு 6 வயதில் மூட்டுகள் பழுதில்லாமல் இருந்தன. கசிந்த பிறகு மட்டும் போட்டவர்களில் அது 55 சதவீதம்தான். மூட்டுக்குள் ‘குறுகுறு’வென்று சூடு தெரிந்த உடனே, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், ஊசி போட வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபென் கூடவே கூடாது.

கேள்வி: ஊசிச் செலவு எங்களுக்குக் கட்டுபடியாகாது. அரசு உதவி உண்டா?

பதில்: உண்டு. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் ஃபேக்டர் இலவசமாகத் தரப்படுகிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் ஹீமோஃபீலியாவும் ஒன்று. ஒரு விஷயத்தை மட்டும் தவறவிடக் கூடாது. அரசு வேலை இடஒதுக்கீட்டுப் பிரிவுகளில் ரத்தக் கோளாறு தனியாக இல்லை. கை கால் இயக்கக் குறைபாடு இருக்கிறது. எனவே சான்றிதழுக்குப் போகும்போது முழங்கால் முடக்கத்தையும் அளந்து பதியச் சொல்லுங்கள். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் கல்லூரி இடஒதுக்கீட்டுக்கும் வழி உண்டு.

கேள்வி: சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று என் தம்பி மனைவியைக் குறை சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது; சொந்தத்தில் கட்டினாலும் அசலில் கட்டினாலும் வரக்கூடியதே. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இது இருந்ததில்லை. அந்தத் தாய் தெரிந்து எதையும் கொடுக்கவில்லை. பையனுக்கு அக்கா தங்கை இருந்தால் கல்யாணத்துக்கு முன் அவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். பேறுகாலத்தில் அந்தப் பரிசோதனை முடிவு மருத்துவர் கையில் இருக்க வேண்டும்.